கண்ணாடி ரெய்டும் மகளின் கேள்வியும்

வீட்டுப் புகைப்படங்கள், அப்பாவின் கடிதங்கள், மறைந்த என் மனைவி பாடிப் பதிந்த கேசட்டிலிருந்து மாற்றிய ஆறு பாட்டுகள். எல்லாம் சேர்ந்து 1.5 டெராபைட்டைத் தாண்டாது. ஆனால் தொலைந்தால் எந்தக் கடையிலும் கிடைக்காது. அதனால்தான் இந்த வயதில் 'நாஸ்' பெட்டி வாங்கக் கிளம்பினேன்.

கடைக்காரர் நான்கு 4 டெராபைட் வட்டுகளைப் போட்டு ரெய்டு 5 வைக்கச் சொன்னார். பதினாறில் பன்னிரண்டு பயன்படும். ரெய்டு 1 என்றால் இரண்டு வட்டிலும் ஒரே பிரதி, கண்ணாடி பார்ப்பது போல. எட்டு வாங்கினால் நான்குதான் மிஞ்சும். "பாதி வேஸ்ட் சார்" என்றார்.

கணக்கு சரிதான். ஆனால் எனக்கு நான்கே அதிகம். ரெய்டு 5-ல் ஒரு வட்டு போனால், மீதி மூன்றையும் முழுக்கப் படித்துத்தான் அதை மீட்க வேண்டும். பெரிய வட்டுகளுக்கு அது பல மணி நேர வேலை. அதற்குள் இன்னொன்று போனால் எல்லாமே போச்சு. கண்ணாடி முறையில் ஒரே ஒரு வட்டு தாக்குப்பிடித்தால் போதும். அதையே தேர்ந்தெடுத்தேன்.

அடுத்தது வட்டின் ரகம். எஸ்.எம்.ஆர். வகையில் தடங்கள் கூரை ஓடு போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஒன்றைத் திருத்தினால் பக்கத்தில் உள்ளவற்றையும் மறுபடி எழுத வேண்டும். மீட்கும் வேலை இழுத்துக்கொண்டே போகும். ஆகவே சி.எம்.ஆர். என்று விவரத்தாளில் பார்த்து வாங்கினேன். ஒரே தொகுப்பில் வந்தவை ஒரே சமயத்தில் பழுதாகலாம் என்பதால் இரண்டையும் வேறு வேறு கடைகளில் வாங்கினேன். திடீர் மின்வெட்டுக்கு ஒரு யு.பி.எஸ்.

முக்கியமான விஷயம்: ரெய்டு என்பது காப்புப் பிரதி அல்ல. பேரன் தெரியாமல் ஒரு படத்தை அழித்தால், இரண்டு வட்டிலும் அதே நொடியில் அழியும். திருட்டு, தீ, இடி எதற்கும் ரெய்டில் பதில் கிடையாது. எனவே மூன்றாவதாகச் சாதாரண யு.எஸ்.பி. வட்டு ஒன்று. மாதம் ஒருமுறை நகலெடுத்து மகள் வீட்டில் வைக்கிறேன்.

"உங்களுக்கப்புறம் இதையெல்லாம் யாருப்பா திறக்கிறது?" என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்வி. அந்த யு.எஸ்.பி. வட்டுக்குப் பூட்டு கிடையாது, எந்தக் கணினியில் செருகினாலும் திறக்கும். நாஸ் பெட்டியின் கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதி, பீரோவில் பேங்க் பாஸ்புக்கோடு வைத்திருக்கிறேன். பீரோ சாவி இருக்கும் இடம் அவளுக்குத் தெரியும்.