எங்க வீட்டு இடத்தில் நாமக்கோழி

"டேய், ஞாயித்துக்கிழமையாவது தூங்க விடுடா!" என்று கத்தியும் நண்பன் விடவில்லை. ஐப்பசி மாதம், ராத்திரி முழுக்க மழை. காலை ஆறு மணிக்குப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரத்தில், இரவல் பைனாகுலரோடு நான்! சர்வே பிராக்டிகலுக்கே நேரத்துக்குப் போகாத ஆசாமி.

முதலில் வந்தது பறவை இல்லை, பெருங்குடிக் குப்பைமேட்டு நாற்றம். மூக்கைப் பொத்திக்கொண்டு கோரைக்கு நடுவே பார்த்தால்... அடேயப்பா! கூழைக்கடா, நெடுங்கால் உள்ளான், அப்போதுதான் வடக்கேயிருந்து வந்து இறங்கிய நீலச்சிறகி வாத்துகள். மிதக்கும் இலைமேல் ஒரு இலைக்கோழி மூழ்காமல் நடக்கிறது. நீளநீளமான விரல்கள். பாரத்தை அகலமாகப் பரப்பு என்று ஃபுட்டிங் பாடத்தில் சொல்கிறார்களே, அதேதான்! (அந்தப் பேப்பரில் எனக்கு அரியர்.)

கருப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளைப் பட்டை, திருநீறு பூசின மாதிரி. "நாமக்கோழி" என்றார் பக்கத்தில் நின்ற பெரியவர். கையில் நோட்டு, எண்ணி எழுதிக்கொண்டிருந்தார். "தம்பிக்கு வீடு எங்க?" வேளச்சேரியில் தெருப் பெயரைச் சொன்னேன்.

"அங்கதான்ப்பா முன்னாடி நான் நாமக்கோழி எண்ணுவேன்."

சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

ஏரிப் பக்கம் விலை கம்மி என்று சீட்டுப் பணத்தையும் அம்மா செயினையும் போட்டு அப்பா வாங்கின மனை அது. 2015 டிசம்பரில் இடுப்பளவு தண்ணீர். பாட்டியை நாற்காலியோடு மொட்டை மாடிக்குத் தூக்கினோம். தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரிநீர் இந்தச் சதுப்புக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கிக் கடலுக்குப் போகிறது. சதுப்பைத் தூர்த்தால் தண்ணீர் எங்கே நிற்கும்? எங்கள் ஹாலில்தான்! 2007-இல் 317 ஹெக்டேரைக் காப்புக்காடு என்று அறிவித்தார்கள், 2022-இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. எங்கள் தெரு எழும்பியது அதற்கெல்லாம் முன்னாடியே.

படிப்பு முடிந்தால் நானும் மனை அளக்கத்தான் போவேன். அப்பாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாடகை வீட்டில் அவர் பட்டது அவருக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்தேன். சுவரில் அந்த வருஷத் தண்ணீர்க் கறையை மறைத்து அம்மா மாட்டின காலண்டர். அப்பா ஃபிரிட்ஜுக்கு அடியில் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார், அடுத்த மழைக்கு.

"என்னடா பார்த்த?"

"வாத்துப்பா" என்று சொல்லிவிட்டு, ஒரு பக்கம் தூக்கிப் பிடித்தேன்.