போட்டாச்சு மாமா

எங்கள் மோட்டார்ஹோமில் அன்று ராத்திரி புகை வந்ததற்கு நான்தான் காரணம். பழைய வயர் கருகிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் இரண்டு வருடமாக நம்புகிறார்கள். அப்படி நம்ப விட்டவனும் நானே.

வண்டி 1996 மாடல், பல கை மாறி எங்களிடம் வந்தது. ஜன்னல் திரைகளுக்கு மேலே துணி ஒட்டிய மறைப்புப் பலகை ஓடும். அதன் பின்னால் அலங்காரத்துக்கென்று எட்டு குண்டு பல்புகள். மேசை மேல் மஞ்சள் வெளிச்சம் கசியும், பார்க்க அழகு. ஆனால் ஒவ்வொன்றும் 18 வாட். 12 வோல்ட்டில் எட்டும் சேர்ந்து 12 ஆம்பியர் இழுக்கும். எங்களிடம் இருந்தது 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி இரண்டு; பாதிக்கு மேல் இறக்கினால் அவற்றின் ஆயுள் குறையும். மின் இணைப்பு இல்லாத இடத்தில் தங்கினால் இந்த விளக்குகளே எட்டு மணி நேரத்தில் அந்தப் பாதியைத் தீர்த்துவிடும். எல்.இ.டி. பட்டை என்றால் ஐந்து மீட்டருக்கும் சேர்த்து இரண்டே ஆம்பியர். மாற்ற வேண்டும் என்று நினைத்ததில் தப்பில்லை.

பழைய பல்புகளுக்குப் போன லைனில் 15 ஆம்பியர் ஃப்யூஸ் இருந்தது. அந்தத் தடித்த வயருக்கு அது பொருத்தம். பட்டையோடு வந்த வயரோ நூல் கனம். அதற்கென்று 3 ஆம்பியரில் தனி ஃப்யூஸை, இணைப்பு தொடங்கும் இடத்திலேயே வைக்க வேண்டும். விளக்கு கொஞ்சமாக இழுக்கிறது என்பதற்காகக் கோளாறு நேரும்போதும் கொஞ்சமாகத்தான் ஓடும் என்றில்லை. ஃப்யூஸ் எவ்வளவு விடுகிறதோ அவ்வளவும் ஓடும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்திருந்தால் இன்று இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

ஃப்யூஸ் ஹோல்டர் வாங்க மறந்திருந்தேன். ராத்திரி பத்து மணி, கடை மூடியாயிற்று. மறுநாள் திருநெல்வேலியிலிருந்து மாமாவும் அத்தையும் அமெரிக்காவில் எங்களிடம் வருகிறார்கள். மாமா என் மனைவியின் அப்பா. மின்வாரியத்தில் 31 வருடம் வயர்மேன். அவர் வண்டிக்குள் ஏறும்போது என் கையால் செய்த விளக்கு எரிய வேண்டும் என்று ஆசை. நேராக இணைத்து, டேப் சுற்றி, பலகையை முடுக்கிவிட்டேன். பட்டையைக் கத்தரித்த முனையில் செம்பு திறந்து கிடந்தது. அதைக்கூட மூடவில்லை.

மாமா வந்தார், நிமிர்ந்து பார்த்தார். "தனியா ஃப்யூஸ் போட்டியளா மாப்ளே?" என்றார்.

"போட்டாச்சு மாமா."

இல்லை என்று சொல்லியிருந்தால் அவரே ஸ்க்ரூடிரைவரைக் கேட்டு வாங்கியிருப்பார். அரை மணி நேர வேலை. அவர் முன்னால் அரைகுறை ஆளாக நிற்க எனக்கு மனம் வரவில்லை.

எல்லோருமாக வண்டியில் கிளம்பி, ஐந்தாம் நாள் மேற்கு டெக்சாஸில் டேவிஸ் மலைப் பூங்காவில் இருந்தோம். பக்கத்து மலையில்தான் மெக்டொனால்டு வானாய்வகம். அந்த இருட்டில் நட்சத்திரம் பார்க்கத்தான் அத்தனை தூரம் போனது. மேசையைத் தாழ்த்திப் போட்ட படுக்கையில் மகள் தூங்கினாள். அவளுக்கு இருட்டென்றால் பயம் என்று பட்டையை எரியவிட்டிருந்தோம்.

"மாப்ளே, வயர் தீயுத வாட அடிக்கி." மாமாவின் குரல் கேட்டுத்தான் விழித்தேன். நான் பேட்டரி சுவிட்சை அணைப்பதற்குள் அவர் பேத்தியைப் போர்வையோடு வாரிக்கொண்டு இறங்கிவிட்டார். பலகையைக் கழற்றினேன். வண்டியின் ஆட்டத்தில் நழுவிய திரைக்கம்பி அந்தத் திறந்த முனையில் உரசிக்கொண்டிருந்தது. முழு ஷார்ட் இல்லை. ஓடிய மின்னோட்டம் 15 ஆம்பியர் ஃப்யூஸை உருக்கப் போதவில்லை. பட்டையைக் கருக்கப் போதும். ஒரு சாண் நீளம் உருகி, பின்னாலிருந்த ஒட்டுப்பலகையில் கையகலத்துக்குக் கரி பிடித்திருந்தது. அதற்கு இரண்டடி கீழே அவள் தலையணை.

மாமா டார்ச்சோடு திரும்பி வருவதற்குள் டேப் சுற்றிய இணைப்பைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அவர் கரியைப் பார்த்துவிட்டு என் தோளில் கை வைத்தார். "பழைய வண்டி, பழைய வயரு. நீங்க என்ன செய்வீய."

"ஆமா மாமா" என்றேன்.

முதல் பொய் வெட்கத்தில் வந்துவிட்டது. இதை, வெளியே குளிரில் மகள் அழுதுகொண்டிருக்கும்போது, யோசித்துச் சொன்னேன். ஃப்யூஸ் போடாததைவிட இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

வீடு திரும்பிய வாரமே எல்லாவற்றையும் பிரித்து மறுபடி செய்தேன். இப்போது 3 ஆம்பியர் ஃப்யூஸ் இருக்கிறது, முனைகள் மூடியிருக்கின்றன. கரி பிடித்த பலகையை மட்டும் மாற்றவில்லை. மாமா ஊரில் இன்னமும் பழைய வயர்களைப் பற்றி எல்லோரையும் எச்சரித்துக்கொண்டிருக்கிறார். அச்சில் வரும் எதையும் அவர் வரி விடாமல் படிப்பவர், இதையும் படிப்பார்.

மாமா, அன்று நான் ஃப்யூஸ் போடவில்லை.