அப்பா தவறவிட்ட தேதி

தாத்தா பால்மரம் சீவினார். அப்பா காம்பாரில் புல்வெட்டும் தொழிலைச் சொந்தமாகத் தொடங்கினார். அரசாங்க டெண்டர் ஒன்று கிடைத்தால் நிமிர்ந்துவிடலாம் என்பார். நாளிதழில் 'புல்வெட்டு' என்ற சொல்லைத் தேடித் தேடிக் களைத்தார்.

ஒருமுறை பொருத்தமான அறிவிப்பு கிடைத்தது. இறுதி நாளுக்கு நான்கு நாள் இருந்தது. ஆனால் கட்டாயத் தள வருகை முந்திய வாரமே முடிந்திருந்தது. வராதவருக்குப் பாரம் கிடையாது என்றார்கள். வீடு திரும்பும்வரை அப்பா பேசவில்லை.

அன்றிரவே தேடும் முறையை மாற்றினேன். நிதியமைச்சில் பதிந்த நிறுவனத்திற்கு ஆறு இலக்கத் துறைக் குறியீடு உண்டு. அதைக் கொண்டு தேடினேன். நாம் 'புல்வெட்டு' என்பதை அலுவலகம் 'லண்ட்ஸ்காப் பராமரிப்பு' என்றும் எழுதலாம். கூட்டரசு அமைச்சுகளின் அறிவிப்புகளுக்கு இபெரோலேஹான். காம்பார் மாவட்ட மன்றத்திற்கு அதன் சொந்த அகப்பக்கம், அறிவிப்புப் பலகை. இரண்டையும் பார்க்க வேண்டும்.

இப்போது திங்கள்தோறும் பார்க்கிறேன். முதலில் தள வருகைத் தேதி. அடுத்து, பூமிபுத்ரா நிறுவனங்களுக்கு மட்டுமா, அனைவருக்குமா என்ற நிபந்தனை. இறுதி நாள் கடைசியில்தான்.

நண்பர்களே, நமக்கு இது அரைமணி நேர வேலை. நம் வீட்டுப் பெரியவர்களுக்கோ ஒரு வருடப் பிழைப்பு.