வாயு என்று எண்ணிய வலி

ஊரிலுள்ள பெரியவர்கள் நம்மிடம் தொலைபேசியில் நோயைச் சொல்லுவதில்லை. "ஒன்றுமில்லை, வாயுதான்" என்று முடித்துவிடுவார்கள். கங்காதர நெல்லூரில் வாழும் எங்கள் பெரியப்பாவும் அப்படியே சொல்லி வந்தார். இடுப்பும் அடிவயிறும் மாதக்கணக்கில் வலித்தன, உடல் மெலிந்தது. சுக்குக் கஷாயம் நடந்தது. அவரோ ஐம்பது ஆண்டாகப் பீடியை விடாதவர்.

சித்தூரில் எடுத்த ஸ்கேன் வேறு கதை சொல்லிற்று. இருதயத்திலிருந்து இறங்கும் பெருந்தமனி, வயிற்றில் இரண்டு சென்டிமீட்டர் அளவில் இருக்க வேண்டியது, ஆறு சென்டிமீட்டராகப் புடைத்திருந்தது. இடது சிறுநீரகமும் வீங்கியிருந்தது. இரத்தக் குழாய்களுக்கெனத் தனித்துறை கொண்ட வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துச் சென்றோம். சி.டி. ஸ்கேனில் தமனியைச் சுற்றித் தடித்த உறை தெரிந்தது. அழற்சியோடு கூடிய புடைப்பு என்றனர்.

சாதாரணப் புடைப்பு பெரும்பாலும் வலியே தராமல் வளர்ந்து, திடீரென வெடிப்பது. இவ்வகையிலோ சுவர் வெண்மையாய்த் தடித்து, முன்சிறுகுடலையும் சிறுநீர்க் குழாய்களையும் பசையிட்டாற்போல் பற்றிக்கொள்ளுகிறது. புடைப்புள்ளவர் நூற்றுவரில் ஏறத்தாழ ஐந்து முதல் பத்துப் பேருக்கே இது காணும். வலி, மெலிவு, இரத்தச் சோதனையில் இ.எஸ்.ஆர். உயர்வு ஆகிய மூன்றும் கூடினால் மருத்துவர் ஐயுறுவர். சுவர் தடித்ததே காவல் என்று எண்ணலாகாது; இதுவும் வெடிப்பதுண்டு.

வியப்பொன்று: அறிஞர் ஐன்ஸ்டைனுக்கும் வயிற்றுத் தமனியில் புடைப்பு இருந்தது. 1948-இல் டாக்டர் நிஸ்ஸன் அதன்மேல் செல்லோபேன் தாளைச் சுற்றினார். தாள் உறுத்தி, சுவர் தடிக்கட்டும் என்பதே நோக்கம்! 1955-இல் புடைப்பு வெடித்தபோது, மறு அறுவை வேண்டாமென்று மறுத்து அவர் உயிர் நீத்தார்.

இன்று ஒட்டிய குடலைப் பிரிக்க முயலுவதில்லை. பிரித்தால் குடல் கிழியும். அதை அப்படியே விட்டு, புடைப்பிற்கு மேலே தமனியைக் கவ்வியால் அடைத்து, உள்ளே செயற்கைக் குழாயைத் தைக்கின்றனர். தொடைத் தமனி வழியே குழாயைச் செலுத்தும் முறை 1990 முதல் வழங்குகிறது. ஆயினும் எல்லார்க்கும் அது பொருந்தாது. பெரியப்பாவிற்கு முதலில் சிறுநீர்க் குழாயில் மெல்லிய குழல் வைத்து அடைப்பை நீக்கினர்; பின்னரே வயிற்றைத் திறந்தனர். பீடி அத்தோடு ஒழிந்தது. பெரியம்மாவால் ஐம்பது ஆண்டு முடியாத காரியம்!

உடன்பிறந்தாருக்கும் பிள்ளைகளுக்கும் இந்நோய் வரும் வாய்ப்பு சற்று மிகுதியாம். எனவே இங்குள்ள அவர் மூத்த மகனும், ஊரிலுள்ள எங்கள் தந்தையாரும் வயிற்று ஸ்கேன் எடுத்துக்கொண்டனர். மகனுக்கு அளவு சரியாக இருக்கிறது. தந்தையாருக்கு மூன்றரை சென்டிமீட்டர். குறித்த காலந்தோறும் அளந்து வரும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார்.