துர்க்காபுரத்து அம்மா

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் பஸ்ஸில் போனால், சுன்னாகம், மல்லாகம் கடந்து தெல்லிப்பழையில் துர்க்கையம்மன் கோயிற் கோபுரம் தெரியும். செவ்வாய்க்கிழமைகளில் பெண்கள் கூட்டம் அதிகம். கும்பிட்டவுடன் திரும்பிவிடாமல், கோயிலைச் சார்ந்த துர்க்காபுரம் மகளிர் இல்லத்தையும் நினைத்துப் பாருங்கள்.

சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி (1925–2008) ஓர் ஆசிரியை. பெண்கள் மேடையேறத் தயங்கிய காலத்தில் ஊரூராகச் சென்று சமயச் சொற்பொழிவாற்றியவர். 1977இல் கோயில் நிர்வாகத்தின் தலைமை அவரிடம் வந்தது. ஒரு பெண்ணின் கையில் கோயிற் பொறுப்பு! இன்றும் எத்தனை கோயில்களில் இதைக் காண்கிறோம்? அடியார் கொடுத்த காசு, ஆதரவற்ற பெண்பிள்ளைகளின் சோறாகவும் கொப்பியாகவும் மாறியது. திருமணம் செய்யாத அவரை ஊரே 'அம்மா' என்றது.

1990இல் வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்தது. காணிகள் பல உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டன. 2009இன் பின்னரே கட்டங்கட்டமாக மீள்குடியேற்றம் நடந்தது. அந்த நீண்ட காலத்தில் அம்மாவைப் போன்றோர் வைத்திருந்த இல்லங்கள் எத்தனையோ பிள்ளைகளுக்கு வீடாயின.

"பிள்ளையை இல்லத்தில் விட்டிட்டனே, சனம் என்ன சொல்லும்?" என்று கணவரை இழந்த தாய்மார் என்னிடம் அழுவதுண்டு. சனம் சொல்வதை விடுங்கள், அம்மா. அவள் படிக்கிறாளா என்று பாருங்கள். விடுமுறைக்கு வீட்டுக்குக் கூட்டி வாருங்கள். தவணை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். பிறப்புச் சான்றிதழின் பிரதியொன்றை உங்களிடமே வைத்திருங்கள்.