எட்டுக்கும் ஏழுக்கும்

அண்ணன் மகள் தன் ஆய்வேட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். நான்காம் இயல் ‘ஆய்வு முடிவுகள்’, ஐந்தாவது ‘முடிவுரை’. “ரெண்டும் முடிவுதானே சித்தப்பா, என்ன வித்தியாசம்?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அளந்து பார்த்ததற்கும் முடிவு என்கிறோம், அதை வைத்துத் தீர்மானித்ததற்கும் முடிவு என்கிறோம். இலங்கைத் தமிழர் பரீட்சை முடிவைப் ‘பெறுபேறு’ என்பார்கள். கைக்குக் கிடைத்தது எதுவோ அது. நான்காம் இயலுக்கு அந்தச் சொல்தான் பொருத்தம்.

உரமிட்ட பாத்திகளில் உளுந்து கூடுதலாகக் காய்த்திருந்தது. அட்டவணை அவ்வளவுதான் சொன்னது. அதன் கீழேயே ‘உரத்தின் ஆற்றல் நிரூபணமாகிறது’ என்று எழுதிவிட்டாள். அவற்றில் இரண்டு பாத்திகள் வாய்க்கால் ஓரம் என்பது வயல் நோட்டில் இருக்கிறது, ஆய்வேட்டில் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளைக் குடுமியான்மலைக்குக் கூட்டிப்போனேன். மேலைக்கோயில் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில், பல்லவ கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாகச் சுரங்கள். 1904-இல் கண்டறியப்பட்ட கல்வெட்டு, பி.ஆர். பண்டார்க்கர் ‘எபிகிராபியா இண்டிகா’ 12-ஆம் தொகுதியில் பதிப்பித்தார். ஒரே சுரம் ச, சி, சு, சே என்று உயிர் மாறி வருகிறது. சில எழுத்துகளின் தலையில் புள்ளி. இவ்வளவும் பாறையில் இருப்பது. உயிர் மாறுவது சுருதி பேதம் என்றும், இல்லை, நரம்பை மீட்டும் முறை என்றும் சொல்வது நாம்.

ருத்ராசாரியரின் சீடனும் பரம மாகேசுவரனுமான ஓர் அரசன் மாணவர் நன்மைக்காகச் செய்தது என்று சமஸ்கிருதத்தில் முடிகிறது. கீழே தமிழில் ஒரு வரி, இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்று. எட்டு நரம்பா, ஏழு நரம்பா, வேறெதுவுமா? பாறை அதற்குமேல் பேசவில்லை. அரசன் பெயரும் இல்லை. ஆனாலும் முதலாம் மகேந்திரவர்மன் என்று எத்தனை புத்தகங்களில் உறுதியாகப் படித்திருக்கிறேன்! அவனாகவே இருக்கலாம். ‘இருக்கலாம்’ என்று எழுதியிருந்தால் போதுமே என்பதுதான் என் ஆதங்கம். அந்த ஒரு சொல் விடுபட்டால், அடுத்து வருகிறவன் பாறையைப் போய்ப் பார்க்கவே மாட்டான்.

இதையெல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். வெயில் சாய்ந்ததும் வெட்டுகளில் நிழல் இறங்கி, எழுத்துகளின் மேலிருந்த புள்ளிகள் துலங்கின. “இருங்க சித்தப்பா” என்றவள், நோட்டைத் திறந்து, முதல் வரியிலிருந்து புள்ளிகளை எண்ணத் தொடங்கினாள்.