கடல்நுரையும் நுரைச்சோலையும்

பல்கலைக்கழகத்தில் எவரேனும் ஊர் எதுவென்று வினவ, நான் 'நுரைச்சோலை' என்றதும், "மின்நிலையம் உள்ள இடமா?" என்னும் கேள்வியே மீண்டும் மீண்டும் எழுகின்றது. 2011ஆம் ஆண்டில் மின் வழங்கத் தொடங்கி, 2014இல் 900 மெகாவாற்று வலுவுடன் நிறைவுற்ற லக்விஜய நிலக்கரி மின்நிலையம் எங்கள் ஊருக்குத் தந்த புகழ் அது. அப்பெயரினுள் நுரையும் சோலையும் இருத்தலை நோக்குவார் அரியர்.

தொகைச்சொல்லொன்று தன்னுள் எதனை மறைத்து வைக்கின்றது என்பதை எனக்கு உணர்த்தியது 'மேர்ஷௌம்' என்னும் ஜேர்மன் சொல்லாகும். மேர் என்பது கடல். ஷௌம் என்பது நுரை. தமிழிற் போலவே அடைமொழி முன்னும் தலைமைச்சொல் பின்னும் நிற்கின்றன. ஆயின் இன்று அச்சொல் சிறப்பாகக் குறிப்பது, துருக்கியின் எஸ்கிஷெஹிர்ப் பகுதியில் அகழப்பட்டுப் புகைக்குழாய்களாகச் செதுக்கப்படும் வெண்கனியமொன்றையே. உலர்ந்தபோது நீரில் மிதக்குமளவு இலேசானது அது.

நம் சித்த மருத்துவத்திலும் 'கடல்நுரை' என்பது கணவாயோட்டின் பெயர். எங்கள் கரையில் ஒதுங்கும் அவ்வெள்ளோட்டைக் கையில் எடுத்தவர்க்கு இப்பெயரின் பொருத்தம் விளங்கும். 1847இல் குளொக்கர் என்னும் ஜேர்மன் கனியவியலாளர் மேர்ஷௌமுக்குச் 'செப்பியோலைற்று' எனப் பெயரிட்டார். கணவாயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதன் அடி. கனியம் கணவாயோட்டை ஒத்திருந்தமையே காரணம். தமிழ் மருத்துவரும் ஜேர்மானியரும் வெவ்வேறு பொருள்களில் ஒரே நுரையைக் கண்டனர். 'போன்றது' என்னும் சொல்லை இரு மொழிகளும் சொல்லாமலே உணர்த்தின.

இவ்வகையில் நோக்குமிடத்து, நுரைச்சோலை என்பது நுரையை அடுத்த சோலையா, நுரை போன்ற சோலையா? முன்னையதாயின் வேற்றுமைத்தொகை, பின்னையதாயின் உவமைத்தொகை. இடையே மிகுந்த சகர ஒற்று இரு சொற்களும் புணர்ந்தமையைக் காட்டுமேயன்றி, எவ்வுறவாற் புணர்ந்தன என்பதைக் காட்டாது. அவ்வுறவை வருவித்துக்கொள்ளுதல் கேட்போர் கடன்.

ஆனால், சொற்கள் கண்ணுக்குப் புலப்படும்வரையே அவ்வினா எழும். ஆங்கில எழுத்துவழிச் சென்று மீளும் எங்கள் ஊர்ப்பெயர், சிலவேளைகளில் 'நொரோச்சோலை' எனத் தமிழிலேயே அச்சேறுகின்றது. அவ்வடிவில் சோலை எஞ்சுகின்றது, நுரை அழிகின்றது. பெயர் வெறும் ஒலியாய் நின்றுவிட்டால், அவ்விடத்தில் மின்நிலையமன்றி வேறெதனையும் காண்பதற்கு வழியில்லை. நகரத்து உகரத்தையும் ரகரத்து ஐகாரத்தையும் பிழையாது எழுதினாற் போதும். பின்வருவோரும் அச்சொல்லைப் பிரித்து நோக்கி, அதன் பொருளை வினவுவர்.